ஐந்தாம் எண்ணுக்குப் பதில்

20 அக்டோபர் 1971, புதன்

தீபாவளி விடுமுறை முடிந்து இன்று கல்லூரி. எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில் நாங்கள் பதினோரு பேர். பெண்கள் நானும் ஜமீலாவும் மட்டும். முதல் பெஞ்சு எங்களுக்கு. பின்னால் இருக்கும் ஒன்பது பேரில் பாதிப் பேரின் குரலை வருகைப் பதிவின்போது மட்டுமே கேட்டிருக்கிறேன்.

இன்று அருளப்பன் சார் ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டதும் கந்தவேல் எழுந்து, "பிரசன்ட்" என்று சொல்லாமல் ஒரு காகிதத்தை நீட்டினார். அவர் பிராந்திய ராணுவத்தில் சேர்ந்தவர். கோடை விடுமுறையில் பயிற்சி, மற்ற நாட்களில் படிப்பு, நெருக்கடி வந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சேர வேண்டும்.

சார் முதல்வரின் சுற்றறிக்கையை வாசித்தார். படைக்கு அழைக்கப்பட்ட மாணவருக்கு விடுப்பு உண்டு. அந்த நாட்கள் எல்லாம் வருகையாகவே கணக்கிடப்படும். விடுதியில் இடம் அப்படியே இருக்கும். படையிலிருந்து விடுவிக்கப்பட்டால் பதினைந்து நாட்களுக்குள் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இருந்தால்தான் ஏப்ரலில் தேர்வு எழுத முடியும் என்பதால் கந்தவேலுக்கு இது பெரிய விஷயம். உதவித்தொகையில் படிக்கிறவர். இந்த ஆண்டு போனால் அதுவும் போய்விடும், இன்னொரு ஆண்டு கிடையாது.

சாருக்குச் சொந்தமாக ஒரு வழக்கம் இருக்கிறது. அறுபத்திரண்டில் சீனப் போருக்கு ஒரு மாணவர் போனபோது தொடங்கியதாம். "ஊருக்காகப் போறவன் ஆப்சென்ட் இல்ல. நான் அவன் நம்பரைக் கூப்பிடுவேன். அடுத்த நம்பர் எழுந்து அவனுக்காக 'ஆன் சர்வீஸ்' சொல்லணும். சொன்னாத்தான் நான் பிரசன்ட் போடுவேன்."

அடுத்த எண் ஆறு. ஆறு நான்.

மாலையில் நூலக வாசலில் கந்தவேல் நின்றார். ஒன்றேகால் வருடத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"உங்களுக்குத் தொந்தரவுங்க. சத்தமாச் சொல்லிருங்க. சாருக்கு எடது காது கொஞ்சம் மந்தம்."

சரி என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்று புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

22 அக்டோபர், வெள்ளி

முதல்முறை சொன்னேன். குரல் வெளியே வரவில்லை. சார் இரண்டாம் தடவை கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

29 அக்டோபர், வெள்ளி

கந்தவேலிடமிருந்து வகுப்புக்கு ஒரு கார்டு. வகுப்புத் தலைவர் செங்கோடன் வாசித்தார்.

"சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நாளை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை. அதன்பின் எங்கே என்று தெரியாது. ஆறாம் எண் சத்தமாகச் சொல்கிறாரா?"

எல்லோரும் என் முதுகைப் பார்த்தார்கள் என்று ஜமீலா சொன்னாள். நான் கார்டின் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரிக்கிறவர். அரிச்சுவடிக்கு முன்னாலேயே எனக்கு முத்திரை படிக்கத் தெரியும். பட்டாளத் தபால் நிலைய முத்திரையில் ஊர் இருக்காது, எண் மட்டும். இதில் எண் மட்டும் இருந்தது. சரிதான்.

கடிதங்களைச் செங்கோடன் துறையின் அறிவிப்புப் பலகையில் குத்தி வைக்கப் போகிறாராம். நான் கார்டை இந்த நோட்டின் பின்பக்கத்தில் நகல் எடுத்துக்கொண்டேன். மூல ஆவணத்தைத் தேதியோடு நகல் எடுப்பது எங்கள் பாடத்துக்கு நல்ல பயிற்சி.

8 நவம்பர், திங்கள்

தண்ணீர் வரவில்லை. ரேஷனில் சர்க்கரை இல்லை. ஆன் சர்வீஸ், சார்.

16 நவம்பர், செவ்வாய்

இரண்டாவது கடிதம், இந்தத் தடவை உறையில் வந்தது. முழுவதும் நகல் எடுத்திருக்கிறேன். முக்கியமானது இது:

"காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள். நீளமான கூடம், இரண்டு வரிசையாக இருபத்திரண்டு கட்டில்கள். வாரம் ஒருமுறை எடை பார்க்கிறார்கள். தினமும் பாலும் இரண்டு முட்டையும். எதிரே நாலைந்து வேம்பு, அதற்கு அப்பால் பொட்டல். இங்கே பெரிய வேலை, காத்திருப்பதுதான். பத்து மணிக்கு மட்டும் வகுப்பில் இருக்கிறேன்."

கடிதத்தில் ஊர் இல்லை, தேதி இல்லை. யுத்த காலத்தில் இடம் எழுதக் கூடாது என்று செங்கோடன் விளக்கினார். பொட்டல் என்றால் பாலைவனம்தான், மேற்கு எல்லையேதான் என்றும் அவரே முடிவு செய்தார். குப்புராஜுக்கு முட்டைதான் பட்டது.

"நானும் சேந்திருக்கோணும்டா. ஆஸ்டல்ல முட்டையக் கண்ணுல பாத்து ரெண்டு வருசமாச்சு."

காகிதம் விறைத்து, ஓரம் சுருண்டு, நீல மை வெளிறிப்போயிருந்தது. பாலைவன வெயில் காகிதத்தையே காய்ச்சிவிட்டது என்று எல்லோரும் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். உறையை யாரும் பார்க்கவில்லை. அது காகிதக் கூடைக்குப் போயிற்று. துறை குப்பையாக இருக்க வேண்டாமே என்று எடுத்தேன்.

முத்திரையில் எண் இல்லை. ஈரோடு ரயில்வே தபால், 14 நவம்பர். எல்லையில் இருப்பவரின் கடிதம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஈரோட்டில் எப்படி விழுந்தது?

இன்னொன்று. உள்ளே இருப்பது கந்தவேலின் சாய்ந்த எழுத்து. உறைமேல் முகவரி வேறு கை. வட்ட வட்டமான, அழகான எழுத்து. 'த'வின் வால் ஒரு சுற்றுச் சுற்றி முடிகிறது. அது ஆண் கை இல்லை.

பதிவுக்காக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

17 நவம்பர், புதன்

அப்பாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். லீவில் வருகிற சிப்பாய் கையில் மற்றவர்கள் கடிதம் கொடுத்து அனுப்புவது சகஜம், அவன் இறங்குகிற ஜங்ஷனில் பெட்டியில் போடுவான், அந்த ஊர் முத்திரை விழும் என்றார். நிம்மதியாக இருந்தது.

ஆனால் லீவில் வருகிற சிப்பாய்க்கு அந்தக் கையெழுத்து எப்படி வரும்?

30 நவம்பர், செவ்வாய்

மூன்றாவது கடிதம்.

"பக்கத்துக் கட்டில்காரர் நேற்று போய்விட்டார். பெயர் மாரப்பன். மூன்று நாள் முன்னால்தான் எனக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுத்தார். மூன்று ஆட்டத்திலும் என் புலிகளைக் கட்டினார். அவர் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறார்கள். ராத்திரி நானே இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்தேன்."

செங்கோடன் வாசிப்பை நிறுத்திக் கடிதத்தை மடித்தார். அருளப்பன் சார் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார். நானும் நின்றேன்.

நிற்கும்போதே யோசித்தேன். மாரப்பன் கொங்கு நாட்டுப் பெயர். இந்தப் பக்கத்து ஆள் எல்லையில் இறந்திருந்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருக்காதா? நூலகத்தில் பத்து நாள் பத்திரிகையைப் புரட்டினேன். இல்லை.

உறை: ஈரோடு ரயில்வே தபால், 28 நவம்பர். புதிதாக வந்திருக்கும் அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒழுங்காக, சாயாமல், மற்றத் தபால்தலைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அவ்வளவு நிதானமாக ஒட்டுகிறவள் யார்? அதே வட்ட எழுத்து.

1 டிசம்பர், புதன்

அம்மா ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டாள். ஜலதோஷம் என்றேன்.

4 டிசம்பர், சனி

நேற்று யுத்தம் தொடங்கிவிட்டது. தெருவில் ரேடியோ இருக்கிற வீடுகளின் முன்னால் கூட்டம். கல்லூரியில் ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டபோது வகுப்பே என்னோடு எழுந்து நின்றது. நான் சொன்னதும் பின்னால் கை தட்டினார்கள். காது சுட்டது. பொய்க்குக் கை தட்டு வாங்கிய மாதிரி இருந்தது.

7 டிசம்பர், செவ்வாய்

நான்காவது கடிதம்.

"சனிக்கிழமை காலையில் பேப்பர் வருவதற்குள் வாட்ச்மேன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். எழுந்து நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள். என்னோடு வண்டி ஏறியவர்கள் எல்லாம் இப்போது எங்கே இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். என் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்திவிடாதீர்கள்."

காகிதம் இந்தத் தடவை சுருளவில்லை, மை வெளிறவுமில்லை. அவசரமாக வந்த கடிதம். செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் யாருக்கும் ஒரு கேள்வியும் வரவில்லை. யுத்தம் நடக்கிற இடத்தில் இருப்பவருக்கு யுத்தத்தை ரேடியோவா சொல்லும்? சிப்பாய் இருக்கிற இடத்தில் வாட்ச்மேன் யார்?

உறை: ஈரோடு ரயில்வே தபால், 5 டிசம்பர். அதே கை.

மூன்று உறையையும் அப்பா முன்னால் வைத்தேன். பெயரை மறைத்துக்கொண்டுதான். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒண்ணு ஈரோட்டுல விழுந்தா லீவுக்காரன் போட்டான்னு வெச்சுக்கலாம். மூணும் ஈரோடு, மூணும் ஞாயித்துக்கெழமை. அனுப்பற ஆளே அங்கதான் எங்கியோ இருக்கோணும் அம்மிணி. கூட ஒரு பொம்பளையும் இருக்கோணும்."

"அதெப்படிங்கப்பா?"

"எழுத்தப் பாரு. எத்தனை லட்சம் உறை பாத்திருப்பேன்."

கந்தவேல் போனது உண்மை. முதல் கார்டு சொல்கிறது. திரும்பி வந்துவிட்டதும் உண்மை. எங்கோ நிழலில், பாலும் முட்டையும் கொடுக்கிற ஒருத்தியின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வகுப்பை அழ வைக்கிறார். தினமும் பத்து மணிக்கு எழுந்து நின்று அதற்குச் சாட்சி சொல்வது நான்.

எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. பொய்யான ஆவணத்தை ஏற்கக் கூடாது, அவ்வளவே.

8 டிசம்பர், புதன்

"ஐந்து" என்றார் சார். நான் எழுந்திருக்கவில்லை.

மறுபடி "ஐந்து" என்றார். ஜமீலா முழங்கையால் இடித்தாள். சார் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், ஆப்சென்ட் போட்டார்.

9 டிசம்பர், வியாழன்

சொல்லவில்லை. என் பெஞ்சில் சாக்குக் கட்டியால் 'துரோகி' என்று எழுதியிருந்தது. தாவணி முனையால் துடைத்தேன்.

10 டிசம்பர், வெள்ளி

சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் சார் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. காரணம் கேட்டார்.

"எனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரியும்னு சொல்ல முடியல சார்."

முத்திரைகளைப் பற்றிச் சொன்னேன். கையெழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

சார் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார். நான் சொன்னது நியாயம் என்றார். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், அலுவலகத்தில் சொல்லிப் படைப்பிரிவுக்கு எழுதச் சொல்கிறேன், அதுவரை ஏழாம் எண் பதில் சொல்லட்டும் என்றார். ஏழு குப்புராஜ்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வெற்றி என்று தோன்றியது. வந்ததும் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து இரண்டு படி மாவு ஆட்டினேன். அம்மாவுக்கு ஆச்சரியம்.

17 டிசம்பர், வெள்ளி

யுத்தம் முடிந்தது. இனிப்பு, வெடி, ஊர்வலம். குப்புராஜ் தினமும் "ஆன் சர்வீஸ்" சொல்லும்போது என் பக்கம் திரும்பிச் சொல்கிறார்.

இந்த வாரம் கடிதம் இல்லை.

20 டிசம்பர், திங்கள்

மாணவர் மன்றம் வெற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறது. எங்கள் துறையின் பங்கு ஒரு பெரிய அட்டை. செங்கோடனும் குப்புராஜும் கந்தவேலின் கடிதங்களைப் பலகையிலிருந்து எடுத்து, நல்ல நல்ல வரிகளாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். "காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள்." "அதற்கு அப்பால் பொட்டல்." "நேற்று போய்விட்டார். பெயர் மாரப்பன்." நடுவே துப்பாக்கி ஏந்திய சிப்பாயின் படம். மேலே சிவப்பில்: எல்லையிலிருந்து எங்கள் கந்தவேல்.

அதன் முன்னால் பெண்கள் விடுதி முழுவதும் வரிசையில் நின்றது. நானும் நின்றேன். கட்டில் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

5 ஜனவரி 1972, புதன்

விடுமுறை முடிந்து திறந்ததும் செய்தி. படைப்பிரிவிலிருந்து அலுவலகத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஒரே வரி: உடல் தகுதியின்மையால் 2 நவம்பர் 1971 அன்று விடுவிக்கப்பட்டார்.

குப்புராஜ், "எல்லாரையும் கேனையனாக்கிட்டானே" என்று சொல்லி, அட்டையைக் கிழிக்கப் போனார். அதற்குள் தலைமை எழுத்தர் வந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விசாரணைக்கு அது ஆதாரமாம். பதினைந்து நாளில் தெரிவிக்காதது ஒரு குற்றம். படையில் இருப்பதாக ஏமாற்றியது இன்னொரு குற்றம். பன்னிரண்டாம் தேதி பதினோரு மணிக்கு முதல்வர் முடிவு சொல்வார். பெயரை நீக்கிவிடுவார் என்றே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். வீட்டு முகவரிக்கு அறிவிப்புப் போயிருக்கிறது.

இரண்டு பேர் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நான் சொன்னது சரியாகிவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

10 ஜனவரி, திங்கள்

எழுதக் கை வரவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் துறை வராந்தாவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கைத்தறிச் சேலை, மடியில் துணிப்பை, குடை. அருளப்பன் சாரைப் பார்க்க வேண்டும் என்றார். சார் முதல்வர் அறையில் இருந்தார். வந்தவர் பெயரை எழுதித் தரச் சொல்லி ஜமீலா ஒரு தாளைக் கொடுத்தாள். அந்த அம்மாள் தாளைத் தொடைமேல் வைத்து எழுதினார்.

க. பூவாத்தாள், ஆசிரியை, கொடுமுடி. கந்தவேலின் தமக்கை.

'த'வின் வால் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தது.

ஜமீலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். அவரே பேசினார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை இவர்தான் வளர்த்திருக்கிறார். பட்டாளத்தில் எல்லோரையும் எக்ஸ்ரே எடுத்தபோது தம்பியின் நெஞ்சில் நிழல் இருந்திருக்கிறது. காச நோய். விடுவித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஈரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சானடோரியத்தில் இருக்கிறார். இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கொடுமுடியில் ரயிலேறி, ஈரோட்டில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

"பாஞ்சு நாளைக்குள்ள சொல்லோணும்னு தெரியுமுங்க. சீக்குன்னு தெரிஞ்சா ஆஸ்டல்ல திரும்பச் சேத்துக்குவாங்களோ மாட்டாங்களோன்னு பயம். பொங்கலுக்குள்ள தேவலைன்னு எழுதித் தாரேன்னு டாக்டர் சொன்னாருங்க. அதைக் கையில வெச்சுட்டு வந்து உள்ளதைச் சொல்லிப் பரிச்சைக்கு மட்டும் விடச் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள இவிகளே பட்டாளத்துக்கு எழுதிக் கேட்டுட்டாங்க. எதுக்குக் கேட்டாங்கன்னு தெரியலைங்க."

துணிப்பையிலிருந்து மருத்துவரின் சான்றிதழை எடுத்துக் காட்டினார். நிழல் சுருங்கிவிட்டது, பிப்ரவரி கடைசியில் வீட்டுக்குப் போகலாம், தொற்று இல்லை. தேதி ஜனவரி எட்டு. அலுவலகக் கடிதத்துக்கு முன்னால் இது வந்திருந்தால் மருத்துவ விடுப்பாக மாற்றிக் கொடுத்திருப்போம் என்று தலைமை எழுத்தர் அவரிடமே சொன்னாராம்.

ஜமீலா கடிதங்களைப் பற்றிக் கேட்டாள். காகிதம் ஏன் அப்படிக் காய்ந்திருந்தது என்று கேட்டாள்.

"அதுங்களா? போன வாரம் எழுதுன காயிதத்தை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஒரு வாரம் வெயில்லயே போட்டு வெப்பனுங்க. படிக்கற புள்ளைங்க கையில வாங்குவீங்க, ஒண்ணும் ஒட்டிக்கப்படாது பாருங்க. அப்பறம் புது உறையில நானே வெலாசம் எழுதி, அடுத்த வாரம் போறப்ப ஈரோட்டு டேசன் பெட்டியில போடுவேன். அந்தக் கடைசிக் காயிதம் மட்டும் சண்டை வந்துருச்சுன்னு அவன் அவசரப்படுத்துனான். ஒரு மணி நேரம் கூடக் காயலைங்க. அத்தோட மனசு கேக்காம, இனி எழுத வேண்டாம்னுட்டேன்."

பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறாம் நம்பர் எந்தப் பொண்ணுங்க?"

ஜமீலா என்னைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணு, நீதானா. பத்து மணியானா, ஞாயித்துக்கெழமைகூட, அவன் வார்டு கடியாரத்தைப் பாப்பான். 'அக்கா, இப்ப நாலு கூப்புடுவாரு, இப்ப அஞ்சு, இப்ப அந்தப் பொண்ணு எந்திரிக்கும்'பான். பக்கத்துக் கட்டல்காரங்களுக்கெல்லாம் பாடமாயிருச்சு. பத்தடிச்சா அத்தனை பேரும் பேசாம இருப்பாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே விட்டுவிட்டார்.

"தொட்டுட்டேன். போய்க் கையக் கழுவிக்க சாமி."

நான் கழுவவில்லை. டிசம்பர் எட்டு, ஒன்பது, பத்து தேதிகளில் நான் உட்கார்ந்திருந்ததை அவர் அறியமாட்டார். அந்த மூன்று நாளும் பத்து மணிக்கு அங்கே இருபத்திரண்டு கட்டிலும் பேசாமல் இருந்திருக்கும்.

11 ஜனவரி, செவ்வாய்

காலையில் சாரைப் பார்த்தேன். பதினைந்து நாள் தாமதத்தை மன்னிக்க முதல்வருக்கு அதிகாரம் உண்டு, நோயாளி என்று தெரிந்தால் மன்னிப்பார் என்றார். வருகையையும் மருத்துவ விடுப்பில் சரிக்கட்டலாம். ஏமாற்றினார் என்பதைத்தான் மன்னிக்க மாட்டார். அந்த அட்டையைப் பார்த்தால் யாருக்கும் ஏமாற்றாகத்தான் படும்.

"அந்தப் பையன் எழுதினதுல எங்கயாவது எல்லைன்னு இருந்துச்சா?"

இல்லை என்று எனக்குத் தெரியும். நேற்று இரவு முழுவதும் பின்பக்க நகல்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கட்டில், எடை, பால், முட்டை, மெத்தை, வாட்ச்மேன், படுத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லும் இருக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. படை என்ற சொல் ஒரு தடவையும் இல்லை. அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. பாலைவனத்தை நாங்கள் போட்டுக்கொண்டோம். வீட்டையும் ஒருத்தியையும் நான் போட்டுக்கொண்டேன்.

செங்கோடனைத் தேடிப்போய், வெட்டியதுபோக மீதிக் கடிதங்கள் எங்கே என்று கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"பசை கையில ஒட்டுச்சுங்க. மிச்சக் காயிதத்துலதான் தொடைச்சோம்."

ஆக, முழுக் கடிதமும் இருப்பது இந்த நோட்டில் மட்டும். முத்திரையோடு உறைகள் இருப்பதும் இதற்குள்தான்.

பின்பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடு என்று ஜமீலா சொன்னாள். இல்லையென்றால் தனித்தாளில் அழகாக எழுதிக் கொடு. நினைத்துப் பார்த்தேன். கந்தவேலை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததே வெட்டிய காகிதம்தான். இன்று தேதியிட்டு நான் எழுதித் தருவதை, நேற்று அவர் அக்காவைப் பார்த்துவிட்டு இட்டுக்கட்டினேன் என்று ஒரு நொடியில் தள்ளிவிடலாம். நான் முதல்வராக இருந்தால் தள்ளிவிடுவேன். நாள்தோறும் எழுதிய நோட்டு, நடுவில் தாள் போகாமல், தைத்த நூல் அப்படியே இருக்க, முழுதாகப் போனால்தான் அது சாட்சி.

முழுதாக என்றால் முன்பக்கமும்தான்.

இந்த நோட்டை அம்மா கண்ணில்கூடப் படவிட்டதில்லை.

12 ஜனவரி, புதன். காலை ஒன்பதரை

துறை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூவாத்தாள் அக்கா வராந்தாவில் இருக்கிறார். அருளப்பன் சார் பதினோரு மணிக்கு என்னையும் அழைத்துப் போகச் சம்மதித்துவிட்டார். அதன்பின் நோட்டு என் கையில் இருக்காது.

உள்ளே போவதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அலுவலகம் பட்டாளத்துக்கு எழுதியது என்னால்தான் என்று. அவர் குடையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏன் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் வந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன். முதல்வர் ஐயா இதைப் படிக்கும்போது அவருக்கும் பதில் வேண்டியிருக்கும்.

டிசம்பர் எட்டாம் தேதி நான் எழுந்திருக்காததற்கு முத்திரை காரணம் இல்லை. அப்பா சொன்னதை நான் கேட்டது சான்றுக்காக இல்லை. உறையில் இருந்த கையெழுத்தைப் பொறுக்க முடியவில்லை. வேறு யாரோ கந்தவேலின் கடிதத்தை மடித்து, ஒட்டி, முகவரி எழுதுகிறாள் என்பதைப் பொறுக்க முடியவில்லை. மற்றதெல்லாம் அதற்கு நான் தேடிக்கொண்ட ஆதாரம். இதற்கு முன்னால் உள்ள பக்கங்களில் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அவற்றைத் திருத்தவில்லை.

மாணவர் கந்தவேல் எழுதியவை பின்பக்கத்தில், வந்த தேதியோடு, ஒரு சொல்லும் குறையாமல் இருக்கின்றன. அவற்றைத் தயவுசெய்து முதலிலிருந்து படிக்கவும்.

மணி பத்தாகப் போகிறது. பெயரை இன்னும் அடிக்கவில்லை, அதனால் சார் ஐந்தாம் எண்ணைக் கூப்பிடுவார். இந்த வாரம் குப்புராஜும் பதில் சொல்வதில்லை. சார் பேனாவோடு கொஞ்சம் நின்றுவிட்டு ஆறுக்கு வருகிறார். இன்று அப்படி நிற்க வேண்டியிருக்காது. ஆன் சர்வீஸ் என்று சொல்ல முடியாது. பிரசன்ட் என்றும் சொல்ல முடியாது. சார் பிரசன்ட் போட்டாலும் ஆப்சென்ட் போட்டாலும் சரி, எழுந்து, அவருடைய வலது காதுப் பக்கமாக நகர்ந்து நின்று, சத்தமாக, "இருக்கிறார், சார்" என்று சொல்லப் போகிறேன்.

மணி அடித்துவிட்டது.